விட்டதும் விட்டு விட்டு வருவதும்

உ

மேலகரம்
யுவ வருஷம், ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை

என் கண்ணான மகன் குத்தாலிங்கத்துக்கு அம்மா ஆவுடையம்மாள் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. குற்றாலநாதர் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், கடலுக்கு அந்தப் பக்கம் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் படித்தால்தான் எங்கள் சுகம் முழுசாகும். மூன்று பேர் என்றதும் நீ விரல் மடக்கி எண்ணிப் பார்ப்பாய், அம்மா ஒன்று, தங்கச்சி உலகம்மை ரெண்டு, மூன்றாவது யார் என்று. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கோபம் வந்தால் வரட்டும், ஆனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே, கடைசி வரைக்கும் படி. உன் கடிதம் ஆடிக் கடைசியிலேயே கிடைத்தது. ரப்பர்த் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கிற லயங்களில் இன்னும் காய்ச்சல் ஓயவில்லை என்றும், ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டுவதற்கு டாக்டர் துரை உன்னைத் தமிழில் ஒரு நோட்டீஸ் எழுதச் சொல்லியிருக்கிறார் என்றும், நின்று நின்று வருகிற அந்தக் காய்ச்சலுக்கு நம் ஊரில் என்ன சொல்வோம், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன, அது எங்கேயிருந்து வந்தது என்றும் கேட்டு எழுதியிருந்தாய். நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டாய் போ, இந்த ரெண்டு மாதமாக நான் அந்தக் காய்ச்சலோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன். எனக்கு இல்லை, உலகம்மைக்கும் இல்லை, பயப்படாதே. உன் அப்பாவுக்கு.

ஆமாம், உன் அப்பா வந்திருக்கிறார். ஆனி மாதம், சாரல் தொடங்கி நாலைந்து நாள் இருக்கும், குற்றாலத்துப் பங்களாக்களுக்குக் காரைக்குடி, மதுரை ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள், ஐந்தருவிப் பக்கத்துப் பங்களாவுக்கு இட்லி அனுப்ப வேண்டுமென்று நான் அடுப்படியில் நின்றேன். வாசலில் ஆதம் குதிரைவண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. இட்லி எடுத்துப் போகத்தான் வந்திருக்கிறான் என்று தூக்குச்சட்டியோடு வந்தால், ஆதம் வண்டியை விட்டு இறங்காமல், "அக்கா, தென்காசி ஸ்டேஷன்ல ஒருத்தரு வெறச்சுப்போயி சுருண்டு கெடந்தாரு. எந்த ஊருன்னு கேட்டா மேலகரம்ங்காரு. யாரு வீடுன்னு கேட்டா ஒங்க பேரைச் சொல்லுதாரு, அதான் ஏத்தியாந்துட்டேன்" என்றான். எட்டிப் பார்த்தேன். சாக்குக்குள் தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு, பல்லோடு பல் அடிக்க, ஒரு எலும்புக்கூடு. தாடி நரைத்துப்போயிருந்தது. எனக்கு அந்தக் கண் தெரிந்துவிட்டது. நீ இலங்கைக்குப் போகிற அன்றைக்கு அதே ஸ்டேஷனில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, அவுக என்னைக்காவது வந்தா வாசப்படி ஏற விட்றாத" என்று சொன்னாயே, அது காதில் விழுந்தது. நான் தூக்குச்சட்டியைப் பிடித்தபடி வாசலில் நின்றேன், உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உலகம்மைக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை, அவர் கடைசியாகப் போனபோது அவள் எட்டு வயசுப் பிள்ளை. அவள்தான் எனக்குப் பின்னாலிருந்து, "எம்மா, என்ன பாத்துக்கிட்டே நிக்கிய, ஆளு நடுங்குதாருல்லா, உள்ள கொண்டாரச் சொல்லுங்க" என்றாள். ஆதமும் அவளும்தான் கைத்தாங்கலாகப் பிடித்து நார்க்கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள். பிறகுதான் அவளிடம் சொன்னேன், இது உன் அப்பா என்று. அவள் போய்க் கம்பளியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அந்தக் காய்ச்சலை நீ அங்கே நூறு பேரிடம் பார்த்திருப்பாய், நான் அன்றைக்குத்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். உச்சிப்பொழுதில் குளிர் பிடித்தது, வீட்டில் இருந்த கம்பளி, சமுக்காளம், சாக்கு எல்லாம் போட்டும் கட்டில் கிடுகிடு என்று ஆடுகிறது. பிறகு கொதி, கிட்டே போனால் அடுப்பில் இருந்து வருகிற மாதிரி அனல். சாயங்காலம் ஆனதும் வேர்த்துக் கொட்டி, கட்டில் கயிறெல்லாம் நனைந்து, மனுஷர் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். மறுநாள் காலையில் நான் முழித்துப் பார்த்தால் கட்டிலில் ஆள் இல்லை. சரி, வந்தது போலவே போயாயிற்று என்று நினைத்தேன். பார்த்தால் கொல்லையில் விறகு பிளந்துகொண்டு இருக்கிறார்! கஞ்சி கொடுத்தேன், ரெண்டு தரம் வாங்கிக் குடித்தார், ஏணி போட்டு ஏறி அடுப்படிக்கு மேலே சாரல் ஒழுகுகிற ஓட்டை மாற்றினார். காய்ச்சல்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. முந்தின நாள் நடுங்குகிற ஆளிடம் என்ன கேட்பது, இன்றைக்குத்தான் நிமிர்ந்து நிற்கிறாரே என்று பிடித்துக்கொண்டேன். ஏழு வருஷம் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று ஒரு சேதி இல்லை, என் அப்பா இறந்ததற்கு வரவில்லை, உலகம்மை சடங்குக்கு வரவில்லை, மகன் கடல் தாண்டிப் போனதுகூடத் தெரியாது, செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் மலையில் மரம் அறுக்கிற கூப்பிலேயே குடியிருந்தால் அங்கே ஒரு தபால்பெட்டி இல்லையா, என்று நான் பேசப் பேச அவர் ஏணியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "ஏளா, அந்த ஓட்டை எடுத்துக் குடு" என்றார், அவ்வளவுதான். எடுத்துக் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த நாள் உச்சிப்பொழுதில் மறுபடி குளிர். அதற்கு அடுத்த நாள் மறுபடி நல்ல ஆள். இப்படியே ஒன்றுவிட்டு ஒரு நாள், ஒரு நாள் நான் கம்பளி போர்த்தி, கால் தேய்த்து, வெந்நீர் கொடுப்பேன், மறுநாள் விட்ட இடத்திலிருந்து சண்டையை ஆரம்பிப்பேன். உலகம்மைக்கு ஒரே சிரிப்பு. காலையில் எழுந்ததும், "எம்மா, இன்னைக்கு என்ன நாளு, சண்டை நாளா கம்பளி நாளா?" என்று கேட்பாள். அவரும் அதைக் கேட்டுக் கட்டிலில் கிடந்தபடியே சிரிப்பார். அவர் சிரிப்பு உன் சிரிப்பு மாதிரியே இருக்கிறது, அதை நான் மறந்தே போயிருந்தேன். உனக்கு இதைப் படிக்கப் பிடிக்காது, தெரியும், ஆனால் இருக்கிறதை எழுதாமல் வேறு என்ன எழுத. முன்பே ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். இது எந்தக் கரையில் போய் ஒதுங்கும் என்று எனக்கே தெரியாதபோது உனக்கு என்னத்தை எழுதுவது.

தென்காசியில் ஒரு டாக்டரிடம் ஆதம் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கண்ணை இழுத்துப் பார்த்து, வயிற்றில் மண்ணீரலைத் தடவிப் பார்த்து, கொயினா மருந்து எழுதிக் கொடுத்தார். கலக்கிக் கொடுத்தது காந்திமதிநாதன் என்ற கம்பவுண்டர், நல்ல மாதிரி மனுஷர், நோயாளியிடம் நின்று பேசுவார். சீசாவில் காகிதம் ஒட்டிக்கொண்டே, "அண்ணாச்சி, இது விட்டு விட்டுத்தான் வரும், மருந்தை மட்டும் தவற விட்றாதீங்க" என்று சொன்னார். அந்த மருந்தின் கசப்பு உனக்குத் தெரியும். குடித்துவிட்டு உன் அப்பா முகத்தை வைத்துக்கொண்ட கோலத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. நாலைந்து வேளையிலேயே குளிர் வரவில்லை. மறுபடி மருந்து வாங்கப் போனபோது அவர் தனியாகவே நடந்து போனார். கம்பவுண்டர், "என்ன அண்ணாச்சி, காய்ச்சல் விட்டுட்டா?" என்று கேட்டிருக்கிறார், இவரும் குளிர் நின்றுவிட்ட தைரியத்தில், "விட்டுட்டு" என்று சொல்லியிருக்கிறார். அங்கே கூட்டம், கம்பவுண்டர் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பியதும் இவர் வெறும் சீசாவோடு வீட்டுக்கு வந்துவிட்டார். "காய்ச்சல் விட்டுட்டான்னு அவுகளே கேட்டாக, விட்டுட்டுன்னேன், பெறவு என்னத்துக்கு அந்தக் கசப்பு?" என்றார். நானும் சரிதானே என்று இருந்துவிட்டேன்.

இருபது நாள் போல ஒன்றும் இல்லை. பங்களாவில் ஒரு தோட்ட வேலை கிடைத்து, தினம் குற்றாலத்துக்கு நடந்து போய் வந்தார், போகிற போக்கில் என் இட்லிக் கூடையையும் தூக்கிக்கொண்டு போவார். இந்த வருஷம் சாரலும் ஒழுங்கில்லை, ரெண்டு நாள் தூறும், ரெண்டு நாள் வெயில் அடிக்கும், பேரருவியில் ஒரு நாள் ஜனம் நிற்க முடியாது, ஒரு நாள் பாறை தெரியும். அதனால் நம் தாத்தா வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் இந்தக் கார் சாகுபடிக்கு முறை வைத்துத்தான் விட்டார்கள். நான் சொல்லாமலே இவர் ஒரு நாள் மண்வெட்டியோடு வயலுக்குப் போயிருக்கிறார். வயல் பாதிதான் நனைந்திருக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது. எங்கேயோ கரை உடைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மேலே வரைக்கும் வாய்க்காலோடு ஓடிப் பார்த்திருக்கிறார். மடை பார்க்கிற மாடன் சிரித்துவிட்டு, "எங்க அண்ணாச்சி ஓடுதிய? தண்ணி எங்கயும் போவல, ஒங்க முறை முடிஞ்சிட்டு. இனி ஞாயித்துக்கெழம வரும்" என்றானாம். வீட்டுக்கு வந்து அவரே வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார், மலையிலேயே கிடந்து முறைத்தண்ணீர் என்ற ஒன்று இருப்பதே மறந்துவிட்டதாம். நெல் இப்போது கதிர் வெளிவரப் பொதி கட்டியிருக்கிறது, நல்லபடி வரும் என்றுதான் தோன்றுகிறது, அறுப்புக்குக் கையில் ஆள் இருக்கிறது என்பதே பெரிசு.

பிறகுதான் அது நடந்தது. ஆடிப் பதினெட்டு கழிந்து ரெண்டு மூன்று நாள் இருக்கும். பங்களாவிலிருந்து வருகிற வழியில் மேலகரம் எல்லையில் விழுந்துவிட்டார் என்று யாரோ வந்து சொன்னார்கள். இந்தத் தடவை குளிர் கொஞ்சம்தான், கொதி இறங்கவே இல்லை. பட்டப்பகலில் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறார், ஆனால் ஆள் தெரியவில்லை. என்னிடமே, "நீங்க யாரு வீட்டுப் பிள்ள தாயி?" என்று கேட்கிறார். கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்து, "எனக்கு ஊரு மேலகரம், அங்கன ஆவுடைன்னு ஒருத்தி இருக்கா, கூப்பு வேலை முடிஞ்சதும் வாரேன்னு சொல்லிட்டு வந்தேன், அவளுக்கு ஆள் சொல்லி விடுங்க, நான் இங்கன கெடக்கேன்னு சொல்லி விடுங்க" என்றார். ஏழு வருஷமாக எனக்கு ஒரு சேதி வரவில்லை என்று இவ்வளவு சண்டை போட்டேனே, அந்தச் சேதி இப்படி அவர் வாயாலேயே, நான் யாரென்று தெரியாமல் என்னிடமே வந்தது. "சொல்லியாச்சு, அவ வந்துட்டா, ஒங்க பக்கத்துலதான் இருக்கா" என்று சொன்னேன். அவருக்குக் கேட்டதோ என்னவோ. உலகம்மை தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அப்பா என்று அவள் கூப்பிட்டதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். ஆதம் வண்டியை விரட்டிக்கொண்டு போய் டாக்டரையும் கம்பவுண்டரையும் ஏற்றிக்கொண்டு வந்தான். டாக்டர் ஊசி போட்டார், தலைக்கு ஈரத்துணி போடச் சொன்னார், கொதி இறங்குகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அந்தப் புண்ணியவான் நல்லா இருக்க வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் வேர்த்தது, பிழைத்துக்கொண்டார்.

டாக்டர் எழுந்திருக்கும்போது, மருந்தை யார் நிறுத்தச் சொன்னது என்று கம்பவுண்டரைக் கேட்டார். காந்திமதிநாதன் திகைத்துப்போய், "நான் நிறுத்தச் சொல்லலையே, விட்டு விட்டு வரும்னுதான் மொதல்லயே சொன்னேன். பெறவு இவுககிட்ட விட்டுட்டான்னு கேட்டேன், விட்டுட்டுன்னாக" என்றார். இவர் படுத்தபடியே மெல்ல, "விட்டுட்டுன்னா இனி வராதுன்னுல்ல நெனச்சேன்" என்றார். யாரைக் குறை சொல்வது, ரெண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார்கள். உன் கடிதம் அதற்கு ஒரு வாரம் கழித்து வந்தது. நான் அதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன், நீ கேட்ட அந்தச் சொல்லால்தான் இங்கே ஒரு உயிர் போகப் பார்த்தது என்று.

அந்த இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாயே, இன்டர்மிட்டன்ட் என்று, அதை நான் வாய்விட்டுப் படித்தேன், நாக்கு சுளுக்கிக்கொண்டது என்று உலகம்மை கேலி செய்தாள். அது பழைய லத்தீன் பாஷையில் இருந்து வந்தது, முன்பாதிக்கு நடுவில் என்றும் பின்பாதிக்கு விடுவது, அனுப்புவது என்றும் அர்த்தம் என்று டாக்டர் துரை சொன்னதாக எழுதியிருந்தாய். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது, நம்முடைய விடு என்ற சொல்லும் அதே மாதிரிதானே. கையில் பிடித்ததை விட்டால் அது விடுவது, ஆள் சொல்லி விட்டால் அது அனுப்புவது, ஒன்றுவிட்டு ஒரு நாள் என்றால் நடுவில் ஒரு நாளைத் தாண்டுவது, ஒன்றுவிட்ட அண்ணன் என்றால் உறவில் ஒரு படி தள்ளி இருப்பவன். எங்கேயோ இருக்கிற லத்தீன்காரனும் நாமும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறோம். ஆகவே உன் டாக்டர் வார்த்தையைத் தமிழாக்கினால் விட்டு விட்டு வரும் காய்ச்சல் என்றுதான் வரும், அர்த்தத்தில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் குத்தாலிங்கம், நோட்டீஸில் அதை எழுதாதே. விட்டுவிட்டது என்பதை நம் பக்கத்து ஜனங்கள் வாயால் சொல்லும்போது விட்டுட்டு என்றுதான் வரும், நீயும் அப்படித்தான் பேசுவாய். உன் லயத்தில் இருக்கிறவர்களில் பாதிப்பேர் நம் ஜில்லாக்காரர்கள் என்று எழுதியிருக்கிறாய். படிக்கத் தெரிந்த ஒருவன் அந்த நோட்டீஸைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்வான், கேட்கிறவன் காதில் விட்டுட்டு என்பதுதான் விழும், காய்ச்சல்காரன் ஆசையும் அதுதானே. உடம்பு கொஞ்சம் தேறியதும் உன் அப்பாவைப்போல மருந்தைக் கொட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவான்.

முறைக்காய்ச்சல் என்று எழுது. என் அப்பா காலத்தில் எங்கள் வீட்டில் அதைத்தான் சொல்வார்கள், நடுவில் எப்படியோ நானே மறந்துவிட்டேன். முறை என்ற சொல் எங்கே பிறந்தது என்று கேட்டால் பண்டிதர்கள் என்ன சொல்வார்களோ எனக்குத் தெரியாது, நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாங் கிளாஸ். உறவுக்கும் முறை என்கிறோம், நியாயத்துக்கும் முறை என்கிறோம், ஒருத்தருக்குப் பின் ஒருத்தர் வருவதற்கும் முறை என்கிறோம், இதில் எது மூத்தது எது இளையது என்று யார் கண்டது. ஆனால் வயல்காரனுக்கு முறை என்றால் தண்ணீர்தான். ஊசி போட்டு ஒரு வாரம் கழிந்ததும் இவர் பழையபடி, "ஏளா, உடம்பு நல்லாத்தான இருக்கு, இன்னும் எத்தன சீசா?" என்று முகத்தைத் திருப்பினார். நான் சண்டை போடவில்லை. "அன்னைக்கு வாய்க்கால்ல தண்ணி நின்னுட்டுன்னு ஓடுனீகளே, ஆறு வத்திட்டா?" என்று கேட்டேன். "இல்ல, முறை முடிஞ்சிட்டு" என்றார். "இதுவும் அப்படித்தான், காய்ச்சல் போவல, அதோட முறைக்குக் காத்துக்கிட்டு இருக்கு, மடைய அடைக்க வேண்டியது நீங்கதான்" என்றேன். பிறகு கையை நீட்டி வாங்கிக் குடித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வேளைகூட நான் சொல்ல வேண்டி வரவில்லை. ஆகவே உன் நோட்டீஸில் இப்படி எழுது: இது முறைக்காய்ச்சல், நின்ற நாளில் போய்விட்டது என்று நினைக்காதே, அதன் முறை மறுபடி வரும், டாக்டர் போதும் என்று சொல்கிறவரைக்கும் நல்ல நாளிலும் மருந்து குடி. வயலில் இறங்கிய எவனுக்கும் இது புரியும். உனக்கு இன்னும் நல்ல வாக்கியம் தோன்றினால் மாற்றிக்கொள், நீ என்னைவிடப் படித்தவன்.

இப்போது நேற்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், அதற்காகத்தான் இன்றைக்கு அடுப்பைக்கூட உலகம்மையிடம் விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். நேற்றுக் காலையில் நான் பங்களாவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் ஆள் இல்லை, ஆணியில் தொங்கின பையும் இல்லை. உலகம்மையைக் கேட்டேன், "செங்கோட்ட வண்டிக்குப் போறேன்னாக, வாரேன்னு சொல்லச் சொன்னாக" என்றாள். வாரேன் என்பதை அவர் எத்தனை தடவை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், நீயும் கேட்டிருக்கிறாய். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்ப் போய் நின்றாயே. எனக்கு அழுகை வரவில்லை, நான் கம்பளியை உதறி மடித்தேன், மருந்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன், சாயங்காலத்து மாவுக்கு அரிசி களைந்தேன். கோபம் வந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான், சீசாவில் பாதிக்கு மேல் மருந்து இருந்தது, போகிற மனுஷர் அதையாவது எடுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா, அந்த மலையில் விழுந்து கிடந்தால் ஊசி போட யார் இருக்கிறார்கள் என்று. உலகம்மை மத்தியானம் சாப்பிடவில்லை. நானும் அவளை வற்புறுத்தவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு, நல்ல சாரல், தலையில் ஒரு தகரப்பெட்டியும் தோளில் மரம் அறுக்கிற பெரிய ஈர்வாளுமாக வந்து நின்றார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். கூப்பு மேஸ்திரியிடம் இனி வரவில்லை என்று சொல்லிவிட்டு, அங்கே கிடந்த பெட்டியையும் வாளையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதைக்கூட நான் கேட்டபிறகுதான் சொன்னார். வந்ததும் முதலில் சொன்னது வேறு. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, துண்டை எடுத்துத் தலையைத் துவட்டாமலே கையை நீட்டி, "ஏளா, இன்னைக்குப் பகலுக்கு மருந்து குடிக்கலையே, கொண்டா" என்றார். நான் கவிழ்த்து வைத்த டம்ளரை எடுத்து ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு அதே முகக்கோணலோடு கட்டிலில் உட்கார்ந்தார். உலகம்மை ஓடிப்போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள், மூன்று பேருக்கும்.

நான் அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை, இன்றைக்குக் காலையில்கூட ரெண்டு வார்த்தை கேட்டுத்தான் விட்டேன். உன்னையும் மன்னிக்கச் சொல்லவில்லை. ஸ்டேஷனில் காத்து நின்ற பிள்ளை நீ, உன் கணக்கு வேறு, என் கணக்கு வேறு. நீ சொல்லிவிட்டுப் போன வார்த்தையை நான் மீறினேன் என்று மட்டும் நினைக்காதே, அன்றைக்கு வாசலில் கிடந்தது ஒரு காய்ச்சல்காரர், நீயே அந்த இடத்தில் இருந்திருந்தால் என்னைவிட முந்திக்கொண்டு தூக்கியிருப்பாய், அதற்குத்தானே அங்கே சம்பளம் வாங்குகிறாய், அதற்குத்தானே உன்னைப் பெற்றேன். உன் மனசு என்றைக்கு வருகிறதோ அன்றைக்கு அவருக்கென்று ஒரு வரி எழுது. அதுவரைக்கும் எனக்கு எழுதுகிறதில் குறை வைக்காதே.

நீயும் கொயினா குடி, மற்றவனுக்குக் கொடுக்கிறேன் என்று உன்னை மறந்துவிடாதே. கொசுவலைக்குள் படு. சாப்பாட்டில் மிளகு சேர்த்துக்கொள். உலகம்மை ஒரு படமாவது எடுத்து அனுப்பச் சொல்கிறாள். குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்மையும் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல பெயரையும் கொடுத்துத் துணையாக இருக்கட்டும், உன் கைமருந்து பட்ட ஜனமெல்லாம் எழுந்து நடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சுகத்தையே நினைத்திருக்கும் அம்மா
ஆவுடையம்மாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் அப்பா வந்து பக்கத்தில் நின்றார். யாருக்கு என்று கேட்டார், சொன்னேன். ஏதாவது எழுதவா என்றேன், ஒன்றும் இல்லை என்று கொல்லைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, "ரப்பர் மரம் சட்டுனு முறியற ஜாதி. காத்து அடிக்கிற நேரம் பையனை அதுக்குக் கீழ நிக்க வேண்டாம்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.